முதல் கார்: மாற்றி அமைப்பதற்கு முன்

குடி பாட்வாவும் தசராவும் வந்துவிட்டால் புனே நகரின் கார் ஷோரூம்களில் மாலையும் தேங்காயும் பேடா டப்பாவுமாகக் கூட்டம் அலைமோதும். அந்தக் கூட்டத்தில் நம்மவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். சாவி கைக்கு வந்து, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, கணபதிக்கு ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பையன் நானா பேட்டுக்குக் கிளம்பிவிடுகிறான். அங்கே இல்லாத சாமான் இல்லை. அகலச் சக்கரம், பெரிய ஸ்பீக்கர், நீல விளக்கு, முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி, எல்லாம் ஒரே தெருவில் கிடைக்கும்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. கையில் இருக்கும் பணத்துக்கு அடிமட்ட மாடல்தான் வாங்க முடிகிறது. மேல் மாடலில் உள்ள வசதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம்மில் பலருக்கு முதல் கார் என்பது நெடுநாள் வைத்துக்கொள்கிற கார் அல்ல. சென்னைக்கோ பெங்களூருக்கோ கடல் கடந்தோ மாற்றல் உத்தரவு வந்தால், மூன்று நான்கு வருடத்தில் விற்றாக வேண்டும். பாங்கிக் கடனோ 7 வருடத்துக்கு வாங்கியிருப்பார்கள். விற்ற விலை மீதிக் கடனுக்குப் போதாவிட்டால் கைப்பணத்தைப் போட்டுக் கடனை அடைத்த பிறகுதான் ஆர்.சி. புத்தகத்தில் பாங்கியின் பெயரை நீக்க முடியும். வீடு மாறுகிற சமயத்தில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஆகவே, ஆசைப்பட்டதைச் செய்துகொள்ளவும் வேண்டும், விற்கும்போது விலை குறையவும் கூடாது. இதற்கு வழி இருக்கிறது.

ரெயில்வேயில் ஒரு பழக்கம் உண்டு. டிப்போவில் வேலை செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தன் யோசனைப்படி ஒரு பிராக்கெட்டைக்கூட வண்டியில் பற்றவைக்க முடியாது. லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. ஆராய்ந்து மாடிபிகேஷன் ஷீட் அனுப்பினால்தான் செய்யலாம். செய்ததையும் ரிஜிஸ்தரில் எழுதவேண்டும். சின்ன வயதில் எனக்கு இது எரிச்சலாக இருந்ததுண்டு. அடுத்த டிப்போவில் அந்த வண்டியைத் திறக்கிறவர் எதை எதிர்பார்த்துத் திறப்பார் என்று யோசித்தால் காரணம் புரியும். காருக்கும் அதேதான். நமக்குப் பின் வாங்குகிறவர்தான் அந்த அடுத்த டிப்போக்காரர்.

அவர் என்ன பார்க்கிறார்? புனேயில் பழைய கார் வாங்க வருகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "ஒரிஜினல் ஆஹே கா?" என்பதுதான். கூட ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வருவார். அந்த மெக்கானிக் ஸ்டீரியோவைப் போட்டுக் கேட்கமாட்டார். டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு வயர்களைப் பார்ப்பார். கதவுக் கீல்களிலும் மட்கார்டிலும் உள்ள போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் துளை போட்டிருக்கிறதா, வெல்டிங் இருக்கிறதா என்று தடவுவார். இப்போதெல்லாம் பெயிண்டின் கனத்தை மைக்ரான் கணக்கில் அளக்கும் சிறிய கருவியும் கொண்டு வருகிறார்கள். நாம் 40,000 ரூபாய் போட்டு மாட்டிய சாமான்களுக்கு அவர் பெரும்பாலும் ஒரு பைசாகூடத் தருவதில்லை. ஆனால் வெட்டிய வயர் ஒன்று கண்ணில் பட்டால் போதும், விலையில் கை வைத்துவிடுவார்.

எங்கள் குடியிருப்பில் ஒரு பையன். சாப்ட்வேர் வேலை, ஹிஞ்சவாடிக்குத் தினமும் போய்வர வேண்டும். பெட்ரோல் செலவு தாளாமல் சி.என்.ஜி. மாட்டிக்கொண்டான். அது நல்ல முடிவு என்றே சொல்வேன். புனேயில் எம்.என்.ஜி.எல். பம்புகள் நிறைய வந்துவிட்டன. க்யூவில் நிற்கப் பொறுமை மட்டும் வேண்டும். ஆனால் அவன் மாட்டியது ரோட்டோரக் கடையில். பில் இல்லை, ஆர்.சி.யில் ஏற்றவும் இல்லை. நான்கு வருடம் ஒரு குறையும் இல்லாமல் ஓட்டினான். சென்னைக்கு மாற்றல் வந்தபோது விற்கப் போனால், ஆர்.சி.யில் பெட்ரோல் என்று இருக்கிறது, டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்திருக்கிறது. வந்த நான்கு பேரும் பின்வாங்கினார்கள். கடைசியில் கிட்டைக் கழற்றினான். கழற்றிய இடத்தில் டிக்கித் தரையில் ஆறு துளைகள், எஞ்சின் பக்கம் வெட்டி ஒட்டிய வயர்கள். "அங்கிள், நாலு வருஷம் பெட்ரோல்ல மிச்சம் பண்ணினதுல பாதி இதிலேயே போயிடுச்சு" என்றான். அதிலும் அவன் அதிர்ஷ்டக்காரன். இடையில் விபத்து ஏதும் நடந்திருந்தால், தெரிவிக்காத கிட் என்பதைக் காரணம் காட்டி இன்ஷூரன்ஸ்காரர் கையை விரித்திருக்கலாம்.

முறைப்படி செய்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்கவேண்டும். இந்த அங்கீகாரத்துக்குச் சோதனை செய்யும் ஸ்தாபனங்களில் ஒன்று நம் ஊரிலேயே, கோத்ரூட் வேத்தால் குன்றின் மேல் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய ஏ.ஆர்.ஏ.ஐ.தான் அது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்தபின் அந்த வண்டிகளில் வெளியில் கிட் மாட்ட விதி இல்லாமல் இருந்தது. 2022 ஆகஸ்டில் மத்திய அரசு அதற்கு வழி செய்தது. நம் காரின் மாடலுக்கு அந்தக் கிட் அங்கீகரிக்கப்பட்டதா என்று பார்த்து, அதிகாரம் பெற்ற கடையில் மாட்டி, பில்லும் சான்றிதழும் வாங்கி, ஆர்.டி.ஓ.வில் எரிபொருள் மாற்றத்தை ஆர்.சி.யில் ஏற்றவேண்டும். எம்.ஹெச். 12 வண்டிகளுக்கு சங்கம் பாலத்தருகே உள்ள ஆபீஸ். பிறகு இன்ஷூரன்ஸ் பாலிசியிலும் சேர்க்கவேண்டும். சிலிண்டரில் காஸ் 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. 3 வருடத்துக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை கட்டாயம். அந்தச் சான்றிதழை விற்கிற நாள் வரை பத்திரப்படுத்துங்கள். வருடத்துக்கு 8,000 கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களுக்கு இதெல்லாம் வீண் செலவு என்பது என் அபிப்பிராயம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கும் ஆர்.சி.யில் உள்ளதற்கும் மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் இதையே உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தில் 182-ஏ என்ற பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சிறைக்கு யாரும் போவதாகத் தெரியவில்லை என்று பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிறை இருக்கட்டும். வாங்க வருகிறவரும் இந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறார். அதை வைத்து அவர் பேரம் பேசுவார்.

இனி சக்கரத்துக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு அதிக ஆசை இதில்தான். எனக்கும் பிடித்த விஷயம், ஆதலால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர் 14 என்று போட்டிருக்கும். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது டயரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, அதாவது 132 மி.மீ. 14 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். ஆக மொத்த விட்டம் 355.6 உடன் இரண்டு பக்க உயரம் 264 சேர்ந்து 619.6 மி.மீ. 2018-ல் வந்த மாருதி ஸ்விப்டில் கீழ் மாடல்களுக்கு இந்த அளவு. மேல் மாடலுக்கு 185/65 ஆர் 15. அதைக் கணக்கிட்டால் 621.5 மி.மீ. வருகிறது. வித்தியாசம் 2 மி.மீ. கூட இல்லை! ரிம் ஓர் அங்குலம் பெரிதானாலும் டயரின் உயரத்தைக் குறைத்து வெளி விட்டத்தை அப்படியே வைத்திருக்கிறார்கள். கீழ் மாடல் வாங்கியவர் அதே காரின் மேல் மாடலுக்குத் தயாரிப்பாளரே தரும் ரிம்மையும் டயரையும் மாட்டிக்கொண்டால் வண்டிக்கும் கேடில்லை, விலைக்கும் கேடில்லை.

கடைக்காரர் சொன்னார் என்று அதே காருக்கு 195/65 ஆர் 15 போட்டால் விட்டம் 634.5 மி.மீ. ஆகிவிடும். 2.4 சதவீதம் அதிகம். வண்டி உண்மையில் 100 கி.மீ. வேகத்தில் போகும்போது, முன்பு காட்டியதைவிட ஸ்பீடோமீட்டர் 2.4 கி.மீ. குறைவாகக் காட்டும். இது அற்பம்தானே என்று தோன்றும். ரெயில்வே டீசல் எஞ்சினில் சக்கரம் புதிதில் 1092 மி.மீ., தேய்ந்து தேய்ந்து 1016 வரை வரும். 7 சதவீத வித்தியாசம். ஒவ்வொரு முறை சக்கரத்தைக் கடைந்தபின்னும் வேகமானியில் புது விட்டத்தைப் பதிந்துதான் வண்டியை வெளியே விடுவோம். காரில் அப்படித் திருத்திக்கொள்ள நமக்கு வசதி இல்லை. தவிர, அகல டயர் ஸ்டீயரிங்கை முழுதும் திருப்பும்போது உள் மட்கார்டில் உரசும், மைலேஜும் குறையும். வாங்க வருகிறவர் உரசிய தடத்தைப் பார்த்துவிடுவார்.

எது மாட்டினாலும் கழற்றிய பழைய ரிம்களைக் கடைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். "பழசுக்கு 4,000 கழிச்சுக்கறேன் சார்" என்று அவர் ஆசை காட்டுவார். வேண்டாம். வீட்டுக்குக் கொண்டு வந்து பரணில் போடுங்கள். வீட்டுக்காரம்மா முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். விற்கும்போது பழையதை மாட்டிவிட்டு அலாய் சக்கரங்களைத் தனியாக விற்றால் இரண்டுக்கும் விலை கிடைக்கும்.

புனே ஸ்பீட் பிரேக்கர்களைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. அடிவயிறு தட்டுகிறது என்று பலர் பின்பக்கக் காயில் ஸ்பிரிங்கின் நடுவே ரப்பர் துண்டைச் செருகுகிறார்கள். இரண்டு சுற்றுகளுக்கு நடுவே அதைச் செருகினால் ஒரு சுற்று வேலை செய்யாமல் நின்றுவிடும். ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலை செய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆறு சுற்று வேலை செய்த இடத்தில் ஐந்து என்றால் விறைப்பு 20 சதவீதம் கூடிவிடும். ஷாக் அப்ஸார்பரோ பழைய ஸ்பிரிங்குக்காகச் செய்தது. மிச்சச் சுற்றுகளுக்கும் அது உட்காரும் இடத்துக்கும் பாரம் கூடும். வண்டி உயர்ந்தாற்போல இருக்கும், பாட்டியை உட்காரவைத்துப் பண்டர்பூர் போய்வந்தால் தெரியும். ஸ்பிரிங் உண்மையிலேயே தளர்ந்திருந்தால் கம்பெனி ஸ்பிரிங்கையே ஜோடியாக மாற்றுவது மேல்.

விளக்கும் இப்படித்தான். பழைய மாதிரி ஹெச் 4 பல்பு 60/55 வாட். வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பைப் போடுகிறார்கள். 12 வோல்ட்டில் 60 வாட்டுக்கு 5 ஆம்பியர், 100 வாட்டுக்கு 8.3 ஆம்பியர். வயரில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதாவது ஏறக்குறைய 2.8 மடங்கு. கொஞ்ச நாளில் ஹோல்டர் பழுப்பேறும், பிளாஸ்டிக் ரிப்ளெக்டர் வெந்துபோகும். அந்தப் பழுப்பை எந்த மெக்கானிக்கும் ஒரு நொடியில் கண்டுகொள்வான். எதிரே வருகிறவர் கண் கூசுவது இன்னொரு பாவம். வெளிச்சம் குறைவாகத் தோன்றினால் முதலில் விளக்கின் கண்ணாடி மங்கியிருக்கிறதா, குறி சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

ஸ்டீரியோ, திரை, பின்பக்கக் காமெரா ஆகியவற்றைப் பொறுத்தவரை ஒரே நிபந்தனைதான். வயரை வெட்டக்கூடாது. கார் தயாரிப்பாளரின் சாக்கெட்டிலேயே நேராகச் செருகும் கப்ளர் கிடைக்கிறது. சில நூறு ரூபாய் அதிகம் ஆகும். கடைப் பையன் அவசரத்தில் பல்லால் கடித்து உரித்து டேப் சுற்றப் பார்ப்பான். பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டினால் வாரண்டியும் போகும், மராட்டி மெக்கானிக், "வாயர் கட் கேலி ஆஹே, காகா" என்று சொல்லும் அந்த நிமிடத்தில் விலையும் போகும். எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி வேகம் கூட்டுவது, கூரையை வெட்டி ஜன்னல் வைப்பது இவற்றைப் பற்றி எழுதவே எனக்கு விருப்பமில்லை. அவை திரும்ப முடியாத வழிகள்.

முன்பக்க இரும்புக் கம்பியும் வேண்டாம். மோதலின் வேகத்தை பம்பரும் அதன் பின்னால் உள்ள தகடும் மடங்கி வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்கிறார்கள். கம்பி மாட்டினால் அந்த அடி நேராகச் சட்டத்துக்குப் போகும், ஏர்பேக் சென்ஸாரும் ஏமாந்துவிடலாம். 2017 டிசம்பரில் மத்திய போக்குவரத்து அமைச்சகம் இதைத் தடுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் எழுதியது. அதைக் கழற்றினாலும் சட்டத்தில் போட்ட துளை நிற்கும்.

கறுப்பு பிலிம் விஷயத்தில் 2012 ஏப்ரலில் வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு எல்லோருக்கும் தெரியும். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கவாட்டில் 50 சதவீதமும் வெளிச்சம் ஊடுருவ வேண்டும். விதி மாறியபின், அந்த அளவுக்குள் அடங்கும் பிலிமுக்குத் தடையில்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2024-ல் சொன்னது. ஆனால் சிக்னலில் நிறுத்துகிற ஹவல்தாரிடம் இந்த வாதத்தை மராட்டியில் எடுத்துவைக்க உங்களால் முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்றவேண்டும். விற்பதானால் வெள்ளையும் வெள்ளியும் வாங்க ஆள் அதிகம், கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுக்கு ஆள் குறைவு. 4141 என்ற எண்ணை வளைத்து 'தாதா' என்று தேவநாகரியில் எழுதும் புனே வழக்கம் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வந்தபின் ஓய்ந்துவருகிறது. 2019 ஏப்ரல் முதல் விற்கும் வண்டிகளுக்கு அது கட்டாயமாகிவிட்டது.

நம் வீடுகளுக்கென்றே உரிய சில மாற்றங்களையும் சொல்லவேண்டும். டாஷ்போர்டில் பிள்ளையாரை இருபக்க டேப்பால் ஒட்டுகிறோம். பல கார்களில் இடப்பக்க டாஷ்போர்டுக்கு அடியில்தான் ஏர்பேக் இருக்கிறது. அது கண் இமைப்பதற்குள் வெடித்து விரியும்போது மேலே இருக்கும் எதுவும் குண்டுபோல் பின்னால் வரும். ஆகவே பிள்ளையாரை நடுவில், ஏர்பேக் மூடியை விட்டுத் தள்ளி வைப்பதே சரி. ஸீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் என்று சிறிய துணிச்சீட்டு தைத்திருந்தால், முழுதும் மூடும் ஸீட் கவர் கூடாது. அந்த இடத்தில் திறப்பு வைத்த கவர் கேட்டு வாங்கவேண்டும். பின்கண்ணாடியின் உட்புறம் 'முருகன் துணை' ஒட்டுகிறவர்கள், பனியை நீக்கும் மெல்லிய கோடுகள் அதே கண்ணாடியில் ஓடுவதை மறந்துவிடுகிறார்கள். விற்கும்போது ஸ்டிக்கரைச் சுரண்டினால் கோடும் பிய்ந்து வரும். வெளிப்புறம் ஒட்டினால் முருகன் கோபித்துக்கொள்ளமாட்டார்.

கடைசியாகக் காகிதங்கள். ஒரு பைல் போடுங்கள். சர்வீஸ் பில், மாட்டிய ஒவ்வொரு சாமானின் பில், கிட் சான்றிதழ், இன்ஷூரன்ஸ் எல்லாம் தேதி வாரியாக அதில் இருக்கட்டும். விலையுள்ள சாமான்களை இன்ஷூரன்ஸில் தெரிவிக்காவிட்டால் திருட்டுப் போனால் கிடைக்காது. பாலிசியில் காரின் மதிப்பு எப்படி இறங்குகிறது என்பதையும் பாருங்கள். 6 மாதம் முடிவதற்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டு வருடத்துக்குள் 20, பிறகு 30, 40 என்று ஏறி, ஐந்தாவது வருடத்தில் 50 சதவீதம் கழிந்துவிடும். 8 லட்சத்து வண்டி தாளில் 4 லட்சம்தான். இதில் சாமான்களுக்கு எவ்வளவு செலவழிக்கலாம் என்று அவரவர் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டுக்கே காரைக் கொண்டுபோக நினைப்பவர்கள் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. இங்கே ஆர்.டி.ஓ.வில் பாரம் 28 கொடுத்து ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கவேண்டும். அங்கே 12 மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் மறுபதிவு செய்து வரியும் கட்டவேண்டும். அங்குள்ள இன்ஸ்பெக்டர் சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பார்க்கும்போது வண்டியையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். ஆர்.சி.யில் இல்லாதது எதையும் அப்போது வண்டியில் வைத்திருக்காதீர்கள். இங்கேயே விற்பதானால் பாரம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காமல், பெயர் மாறியதா என்று ஒரு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். விற்பதற்கு ஒரு வாரம் முன்னதாகவே பரணில் இருப்பதை இறக்கி மாட்டிவிடவேண்டும். கடைசி நாளில் மாட்டினால் போல்ட்டில் ஸ்பேனர் தடம் புதிதாகப் பளபளக்கும்.